கிறுகு

இச்சி என்றால் ஒன்று.
நீ என்றால் இரண்டு.
முதல் கிழமை முழுக்க
மாஸ்டர் 'நீ' என்று எண்ணும்போதெல்லாம்
என்னைத்தான் கூப்பிடுகிறார் என்று நிமிர்ந்தேன்.
சிரித்த பிள்ளைகளில் மூத்தவள் நசீஹா, வயது பன்னிரண்டு.
எனக்கு முப்பத்து மூன்று.
எல்லோர் இடுப்பிலும் ஒரே வெள்ளை.

ஹெயான் ஷோடான். இருபத்தொரு அசைவு.
கல்முனை வகுப்பறையில் வாங்குகளை ஒதுக்கினாலும்
எட்டாவதில் சுவர் வந்துவிடும்.
மிச்சத்தை
நாவிதன்வெளி மில்லின் நெற்களத்தில் செய்கிறேன்,
சாக்குக் கணக்கு முடிந்த பிறகு,
சீமெந்து இன்னும் உள்ளங்காலைச் சுடும் நேரம்.

நெல்லைக் காலால் கிளறுகிறவர்கள்
பாதத்தைத் தூக்குவதில்லை.
இழுத்துக்கொண்டே போவார்கள்,
பின்னால் சால் சாலாக விழும்.
மாஸ்டர் ஒரு மாதம் சொல்லியும் விளங்காத அடி
சித்திராவின் காலில் இருந்தது.
அவளிடம் சொன்னேன்.
"அதுக்குச் சம்பளம் தருவாங்களாகா?" என்றாள்.

எதிரில் ஓர் ஆளை நினைக்க வேண்டுமாம்.
ஈரப்பதத்தைக் கூட்டி எழுதச் சொல்லும்
மனேஜரை நிறுத்திப் பார்த்தேன்.
மூன்றாம் குத்தில் அவருக்கு இருமல் வந்துவிட்டது,
தண்ணீர் கொடுக்கத் தோன்றியது.
பிறகு நிறுத்தியவர்களின் பெயர் இங்கே வேண்டாம்.
அவர்கள் அவரைவிடக் கனநாள் நின்றார்கள்.
இப்போது உமித்தூசிதான் நிற்கிறது.
அதற்கும் ஒரு நெஞ்சு உண்டென்று வைத்துக்கொண்டு
அந்த உயரத்தில் குத்துகிறேன்.

ஒன்பதாவதில் கத்த வேண்டும்.
அடிவயிற்றிலிருந்து, ஒரே எழுத்தில்.
வீட்டில் அம்மா வேளைக்கே படுத்துவிடுவா.
பக்கத்து வீட்டில் சோதனைக்குப் படிக்கிற பொடியன்.
ஆகவே மெஷின் ஓடும் நேரம் பார்த்து
உமிக் கூண்டுக்குப் பின்னால் நின்று கத்தினேன்.
எனக்கே கேட்கவில்லை. தைரியம் வந்தது.
நாலாம் நாள்
நான் வாயைத் திறந்த நொடியில்
கரண்ட் போனது.

என் குரல் மட்டும்
தகரக் கூரையின் கீழே தனியாக நின்றது.
லொறியில் ஏறிக்கொண்டிருந்த சாக்கு ஒன்று
இறங்கிவிட்டது.
மனேஜர் செருப்பில்லாமல் ஓடி வந்தார்.
"ஆரும் விழுந்திட்டாங்களா?"
இல்லை சேர்.
ஒன்பதாவது அசைவு.
"கணக்குப்புள்ளைக்குக் கிறுக்கு" என்றான் டிரைவர்,
சிந்திய நெல்லைக் குனிந்து அள்ளிக்கொண்டே.

பத்தாவதுதான் எனக்குப் பள்ளம்.
கத்திய கையோடு
இடப்பக்கமாக முக்கால் வட்டம்.
'திரும்புங்க' என்பார் மாஸ்டர், வவுனியாக்காரர்.
திரும்பு என்றால் என் கால்
வந்த வழியே வீட்டுக்குப் போகப் பார்க்கிறது.
அன்று பின்னேரம் லொறி பின்னுக்கு வர
வழக்கம்போலக் கைகாட்டிக்கொண்டிருந்தேன்:
கிறுகு, கிறுகு, இன்னும் கிறுகு,
போதும்.
பத்து டயரும் என் சொல்லுக்குக் கிறுகின.
லொறி போன பிறகு
அதே இடத்தில் நின்று
என் குதிக்காலுக்கும் சொன்னேன்.

தூசியில் ஓர் அரிவாள் கோடு.

ஞாயிறு, மட்டக்களப்பில் போட்டி.
எங்கள் பிரிவில் இரண்டே பெயர்:
நானும், வாழைச்சேனையிலிருந்து
திருமதி ஜெ. கோமளேஸ்வரியும்.
தோற்றாலும் வெள்ளி என்று
நசீஹா கணக்குப் பார்த்துச் சொன்னாள்.
கோமளேஸ்வரியும் இப்போது கத்திப் பார்க்கிறாவா,
எந்தச் சத்தத்துக்குப் பின்னால் ஒளிந்து?
கடலா, மீன் ஏலமா,
பக்கத்து வீட்டு ரேடியோவா?

சனி இரவு.
காற்சட்டையை மூன்று விரல் மடித்துத் தைக்கிறேன்.
அம்மா கண்ணை மூடியபடியே கேட்கிறா:
"ஆரோட சண்டை?"
ஒருத்தரோடையும் இல்லை.
"மறுகா ஏன்?"

ஊசியைத் துணியில் குத்திவிட்டு எழும்பி
கட்டிலுக்கும் அலுமாரிக்கும் நடுவில்
பத்தாவதை மட்டும் செய்து காட்டுகிறேன்.
கண்ணைத் திறந்து பார்க்கிறா.

"இன்னும் கொஞ்சம் கிறுகு" என்கிறா,
"அலுமாரியில இடிக்கப்போறாய்."